டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷனைப் பதுங்கியே ஆடி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் என்ற கணினி விளையாட்டை முதல் முறையாக, யாரையும் கொல்லாமல், முடிந்தவரை யார் கண்ணிலும் படாமல் ஆடி முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் தம்பிகளும் அவர்களுடைய கல்லூரி நண்பர்களும் இதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் அதே நான்கைந்து இடங்களில்தான் சிக்குகிறார்கள்.

இந்த விளையாட்டின் பலம், ஒரு கட்டடத்தைக் காட்டி ‘எப்படி வேண்டுமானாலும் உள்ளே போ’ என்று நம்மிடம் விட்டுவிடுவது. பலவீனம், சில இடங்களில் அந்த வாக்கைக் காப்பாற்றாமல் போவது. அந்த இடங்கள் எவை, எப்போது வரும் என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே தயாராகலாம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். கதையின் முடிச்சுகளை அவிழ்க்கவில்லை. ஊர்களின் பெயர்களும் எதிரிகளின் பெயர்களும் மட்டும் வரும்.

1. எந்தப் பதிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஐடோஸ் மாண்ட்ரியல் உருவாக்கி, ஸ்கொயர் எனிக்ஸ் 2011 ஆகஸ்டில் வெளியிட்டது மூலப் பதிப்பு. 2013-இல் டைரக்டர்ஸ் கட் என்ற திருத்திய பதிப்பு வந்தது. பதுங்கி ஆடப்போகிறவர் திருத்திய பதிப்பையே வாங்க வேண்டும்.

காரணம், முக்கிய எதிரிகளுடன் நேருக்கு நேர் மோதும் கட்டங்கள். மூலப் பதிப்பில் அவற்றை உருவாக்கும் வேலை கிரிப் என்ற வெளி நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் பத்து வழி கொடுக்கும் விளையாட்டு, அந்த அறைகளில் மட்டும் கதவைப் பூட்டிவிட்டுச் சுடச் சொன்னது. திருத்திய பதிப்பில் அதே அறைகள் விரிவாக்கப்பட்டு, ஹேக் செய்யத்தக்க கணினிகளும் ஒளிந்து நகர வழிகளும் சேர்க்கப்பட்டன. தனியாக விற்கப்பட்ட தி மிஸ்ஸிங் லிங்க் பகுதியும் இதில் கதையின் நடுவிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

மூலப் பதிப்பின் பொன்னிறச் சாயல் திருத்தியதில் குறைந்துவிட்டது. எனக்கு அந்தப் பழைய நிறமே பிடிக்கும். ஆனால் நிறத்துக்காகப் பழையதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

2. கணினியையும் அறையையும் தயார் செய்யுங்கள்

மூலப் பதிப்புக்கு 2 கிகாஹெர்ட்ஸ் இரட்டை கோர் செயலியும் 2 ஜிபி நினைவகமும் போதும். பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பதால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இது இன்னும் சுற்றிவருகிறது.

வேலூரில் கவனிக்க வேண்டியது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மாடி அறையில் மதியம் ஆடினால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், காட்சி விக்கும். விளையாட்டில் வரும் கூட்டம் நிறைந்த ஹெங்ஷா நகரத்தில் இது நன்றாகத் தெரியும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல், பலகையில் பின்பக்கம் சற்றுத் தூக்கி வையுங்கள். நிழல்களின் தரத்தைக் குறையுங்கள். கோடையில் காலை நேரத்தில் ஆடுங்கள்.

அடுத்தது மின்வெட்டு. மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பதுங்கி ஆடுபவர் ஒரே அறையில் அரை மணி நேரம் செலவிடுவார். சேமிக்காத அரை மணி நேரம் போனால், அதே பொறுமையோடு திரும்ப ஆட மனம் வராது.

3. விரைவுச் சேமிப்பை மட்டும் நம்பாதீர்கள்

விரைவுச் சேமிப்பு, பழையதன் மேலேயே புதியதை எழுதும். காவலாளி உங்களைப் பார்த்துவிட்ட நொடியில் கை தவறி அந்த விசையை அழுத்தினால், அந்தத் தப்பு அங்கேயே உறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பணியின் தொடக்கத்திலும் தனியாக ஒரு சேமிப்பும், பெரிய கட்டடத்தின் நடுவில் இன்னொன்றும் வையுங்கள். கொல்லாமல் முடிக்கும் சாதனையைக் குறிவைப்பவர்களுக்கு இது கட்டாயம். எங்கோ ஒருவன் இறந்ததைப் பல மணி நேரம் கழித்துத்தான் உணர்வீர்கள்.

கடினத்தில் நடு நிலையையே தேர்ந்தெடுங்கள். எளிய நிலையில் மாட்டிக்கொண்டாலும் சுட்டுத் தப்பிவிடலாம் என்பதால் பதுங்கும் பழக்கமே வராது. பொருள்களைச் சுற்றி ஒளிக்கோடு காட்டும் வசதியை முதல் ஆட்டத்தில் அணைக்காதீர்கள். எந்தச் சுவர் உடையும், எந்தப் பெட்டி நகரும் என்பதை அதுதான் காட்டும்.

4. ஹெலிகாப்டரைக் காக்கவைக்காதீர்கள்

இது 2027-இல் நடக்கும் கதை. கதாநாயகன் ஆடம் ஜென்சன் சிகிச்சை முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பியதும், தொழிற்சாலையில் பணயக் கைதிகள் சிக்கியிருப்பதாகச் சொல்லி உடனே மாடிக்கு வரச் சொல்வார்கள். விளையாட்டுகளில் ‘உடனே’ என்ற சொல்லுக்குப் பொதுவாகப் பொருளே கிடையாது. ஆகவே புதியவர்கள் ஒவ்வொரு அறையாகப் புகுந்து மேசை மேசையாகத் துழாவுவார்கள். இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. மிகவும் தாமதித்தால் பணயக் கைதிகள் இறந்துவிடுவார்கள்.

விளையாட்டின் நேர்மை வெளிப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. நேராக ஹெலிகாப்டருக்குப் போங்கள். அலுவலகத்துக்குப் பிறகு நிதானமாகத் திரும்பி வரலாம்.

போகும் வழியில், கொல்லும் ஆயுதமா கொல்லாததா, தூரத்துக்கா அருகிலா என்று கேட்பார்கள். கொல்லாதது, தூரத்துக்கு என்று சொல்லுங்கள். மயக்க ஊசித் துப்பாக்கி கிடைக்கும். அருகில் இருப்பவனைக் கையாலேயே வீழ்த்த முடியும், எட்டாதவனுக்குத்தான் ஆயுதம் தேவை. ஊசி தலையில் பட்டால் உடனே விழுவான். உடலில் பட்டால் சில நொடிகள் தள்ளாடுவான், அதற்குள் மற்றவர்களை எழுப்பிவிடக்கூடும். தலைக்கவசம் போட்டவன் தலையில் சுட்டு ஊசியை வீணாக்காதீர்கள். உயரத்தில் நிற்பவனை மயக்கினால் கீழே விழுந்து இறக்கவும் கூடும்.

5. முதலில் பாருங்கள், பிறகு நகருங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டியவர்கள்தான் நடுவில் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

புதிய அறைக்குள் நுழைந்ததும் ஒரு மறைவில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியதும் பார்வை ஜென்சனின் முதுகுக்குப் பின்னால் விலகும், மூலைக்கு அப்பால் இருப்பதும் தெரியும். அங்கேயே நின்று ஒவ்வொரு காவலாளியும் தன் சுற்றை ஒரு முறை முழுதாக முடிக்கும்வரை காத்திருங்கள். எவன் எங்கே நின்று திரும்புகிறான், இருவர் ஒரே நேரத்தில் முதுகு காட்டுவது எப்போது என்பது தெரிந்த பிறகே காலை எடுத்து வையுங்கள். குனிந்து நடந்தால் சத்தம் வராது. ஓடினால் வரும்.

வீழ்த்தியவனை அப்படியே விட்டுவிடுவது அடுத்த பிழை. மயங்கிக் கிடப்பவனை இன்னொரு காவலாளி கண்டால் எழுப்பிவிடுவான். அதன் பிறகு அந்தத் தளம் முழுவதும் தேட ஆரம்பிக்கும். உடலை இழுத்துக்கொண்டு போய், யாருடைய சுற்றிலும் வராத மூலையில் போடுங்கள். இழுக்கும் வழியைத் தீர்மானித்துவிட்டு அடியுங்கள். அடித்த பிறகு வழி தேடினால் நேரம் போதாது.

கட்டட வடிவமைப்பின் அருமை டெட்ராய்ட் காவல் நிலையத்தில் விளங்கும். அங்கே பிணவறைக்குள் போய் ஒரு பொருளை எடுக்க வேண்டும். வேலூர்க் கோட்டை அகழியை எவ்வளவு தூரம் சுற்றி நடந்தாலும் கடைசியில் எல்லோரும் நுழைவது அந்த ஒரே வாசலில்தான். இந்தக் காவல் நிலையம் அப்படிப்பட்டதல்ல. முன்மேசையில் இருக்கும் பழைய சகாவிடம் பேசி அனுமதி வாங்கலாம். பின் சந்து வழியாக ஏறலாம். கழிவுநீர்ப் பாதையில் போகலாம். முதல் தடவை உள்ளே போகும் முன் கட்டடத்தை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எத்தனை வழிகளை விட்டுவிட்டு ஒரே கதவை முட்டிக்கொண்டிருப்போம் என்பது அப்போது புரியும்.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. காற்றுக்குழாய்கள் வேண்டிய இடத்திலெல்லாம் வசதியாக வைக்கப்பட்டிருக்கின்றன, காவலாளிகள் அவற்றுக்குள் வருவதே இல்லை. சில மணி நேரத்தில் கண் தானாகவே சுவரின் அடிப்பகுதியில் குழாயைத் தேடத் தொடங்கும், எல்லாக் கட்டடங்களும் ஒரே கட்டடம்போல ஆகிவிடும். இதற்கு நான் சொல்லும் மாற்று, குழாயைக் கண்டாலும் இன்னொரு வழியைக் கண்டுபிடித்த பிறகே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஆட்டத்தின் சுவை அதில்தான் இருக்கிறது.

6. பிராக்சிஸ் புள்ளிகளை எந்த வரிசையில் செலவிடுவது

ஜென்சனின் உடலில் பொருத்தப்பட்ட இயந்திரத் திறன்களைத் திறக்க பிராக்சிஸ் வேண்டும். 5,000 அனுபவப் புள்ளிக்கு ஒன்று கிடைக்கும். லிம்ப் மருத்துவமனைகளில் 5,000 கிரெடிட் கொடுத்தும் வாங்கலாம், ஆனால் கையிருப்பு குறைவு. இடம் மாறிப் போன பிறகு அந்தக் கடைக்குத் திரும்ப முடியாமல் போகலாம். ஆகவே கையில் பணம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், துப்பாக்கிக்குச் செலவழிக்காதீர்கள்.

வரிசை இது: முதலில் ஹேக்கிங்கின் கைப்பற்றும் திறனை இரண்டு மூன்று நிலைகள் உயர்த்துங்கள். அடுத்து கனமான பெட்டிகளைத் தூக்கும் கை, உயரத் தாவும் கால், பிறகு எதிராளியின் மனநிலையைப் படிக்கும் பேச்சுத் திறன். அதன் பின் நச்சுவாயுவைத் தாங்கும் நுரையீரல், மின்னதிர்ச்சியைத் தடுக்கும் தோல். சுவர் ஊடுருவிப் பார்க்கும் கண்ணும், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் திறனும் இவற்றுக்குப் பிறகுதான்.

இந்த வரிசையைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். மறைந்துபோகும் திறனைத்தானே பதுங்குபவன் முதலில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அது சில நொடிகளே நீடிக்கும், ஜென்சனின் திறன்களை இயக்கும் மின்கலத்தை விரைவாகக் குடிக்கும். தூக்கும் கையும் தாவும் காலும் ஒருமுறை வாங்கினால் செலவே இல்லாமல் ஆட்டம் முடியும்வரை புதுப் பாதைகளைத் திறந்துகொண்டே இருக்கும். முதல் பாதியில் பாதைகளைத் திறப்பவற்றை வாங்குங்கள். பாதை அடைபடும்போது கைகொடுப்பவற்றைப் பின்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரை உடைக்கும் கைத்திறனில் எச்சரிக்கை தேவை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால் அவன் இறந்துவிடுவான்.

7. மின்கலக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒருவனைக் கையால் வீழ்த்த ஒரு முழு மின்கலம் செலவாகும். மூலப் பதிப்பில் முதல் கலம் மட்டுமே தானாக நிரம்பும். மற்றவை காலியானால் சத்துணவுக் கட்டிகளைத் தின்றுதான் நிரப்ப வேண்டும். ஆகவே புதியவர்கள் ஒருவனை அடித்துவிட்டுச் சுவரோரம் கலம் நிரம்பக் காத்திருப்பார்கள், நிரம்பியதும் அடுத்தவனை அடிப்பார்கள். உலோகக் கை கொண்டவனுக்கு ஒரு குத்து விட இவ்வளவு தவமா என்ற எரிச்சல் நியாயமானது. இது வடிவமைப்பின் பிழைதான்.

கைத்தாக்குதல் நடக்கும்போது சுற்றியிருப்பவர்களும் உறைந்து நின்றுவிடுகிறார்கள். காட்சி அழகாக இருக்கும், பதற்றம் மட்டும் அறுந்துவிடும்.

இதற்கு வழி, அடிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையையே குறைப்பது. அறையைக் கடக்க யார் ஒருவன் தடையோ அவனை மட்டும் வீழ்த்துங்கள். கிடைக்கும் உணவுக் கட்டிகளை ஆறாவது, ஏழாவது பணி வரை சேர்த்து வையுங்கள். பொருள் பையில் இடம் போதாது என்றால் துப்பாக்கியைக் கீழே போடுங்கள், உணவைப் போடாதீர்கள்.

8. புள்ளிகளுக்குப் பின்னால் ஓடாதீர்கள்

“அண்ணா, எல்லாரையும் அடித்து மயக்கினால்தான் புள்ளி நிறைய வருகிறது” என்று என் சித்தப்பா மகன் ஒருநாள் காட்டினான். அவன் சொன்னது சரி. கொல்லாமல் ஒருவனை வீழ்த்தினால் 50 புள்ளி. ஒரு பகுதியை யார் கண்ணிலும் படாமல் முடித்தால் 500, அலாரம் ஒலிக்காமல் முடித்தால் 250. பத்துப் பேரைப் பார்க்கவிடாமல் அடித்துச் சாய்த்தால் 50 வீதமும் கிடைக்கும், பரிசுப் புள்ளியும் கிடைக்கும். யாரையும் தொடாமல் நிழல்போலக் கடந்தவனுக்குப் பரிசு மட்டும்தான்.

ஹேக்கிங்கிலும் இதே கோணல். ஒரு மின்னஞ்சலைத் தேடிப் படித்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தவனைவிட, அதைத் தேடாமல் கணினியை உடைத்தவனுக்குப் பலன் அதிகம். துப்பறிந்த உழைப்புக்கு மதிப்பில்லை. இந்த விளையாட்டில் என்னை மிகவும் வருத்தும் குறை இதுதான். எப்படி வேண்டுமானாலும் ஆடு என்று சொல்லிவிட்டு, ஒரு முறைக்கு மட்டும் கூலி கொடுக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கூலி இல்லாமலே ஆட முடியும். ஆறாம் பகுதியில் சொன்ன வரிசையில் செலவிடுபவருக்கு எந்த இடத்திலும் பற்றாக்குறை வருவதில்லை. ஆகவே திரையின் ஓரத்தில் எகிறும் எண்ணைப் பார்க்காமல் உங்கள் விருப்பப்படி கடந்து செல்லுங்கள்.

9. ஹேக்கிங்கில் முதலில் பார்க்க வேண்டியவை

ஹேக் செய்யும் திரையில் கணினி வலை பல முனைகளாகத் தெரியும். ஒரு முனையைத் தொடும் முன், அதைக் கைப்பற்றினால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும். குறைந்த சதவீத முனைகளைத் தொட்டுப் பாதையைக் கட்டுங்கள். கைப்பற்றிய முனைகளைப் பலப்படுத்தினால் துரத்தி வரும் பாதுகாப்பு நிரல் தாமதமாகும்.

நியூக் நிரல் சத்தமில்லாமல் ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்கும், ஸ்டாப் நிரல் துரத்தலைச் சில நொடிகள் நிறுத்தும். இரண்டையும் சாதாரண அலுவலகக் கணினிகளில் வீணாக்காமல் ஐந்தாம் நிலைப் பூட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹேக் செய்யும்போது உலகம் நிற்பதில்லை. சுற்றி வருபவனின் நேரத்தைக் கணித்துவிட்டுக் கணினி முன் நில்லுங்கள்.

10. மூன்று மோதல்களுக்கும் முன்கூட்டியே தயாராகுங்கள்

முதல் மோதல், ஹைலாண்ட் பார்க் முகாமில் பாரெட்டுடன். இரண்டாவது மாண்ட்ரியலில் ஃபெடரோவாவுடன். மூன்றாவது சிங்கப்பூரில் நமீருடன். இந்த மூவரும் இறந்தாலும் கொல்லாமல் முடிக்கும் சாதனை கெடாது. ஆகவே இங்கே மட்டும் தயங்காதீர்கள்.

மூலப் பதிப்பை வைத்திருப்பவர், உடலிலிருந்து சுற்றிலும் குண்டுகளை வெடிக்கும் டைஃபூன் திறனுக்குத் தேவையான பிராக்சிஸை ஒதுக்குங்கள். நெருங்கிச் சென்று சில முறை வெடித்தால் சண்டை சுருங்கிவிடும். ஸ்டன் துப்பாக்கியும் இவர்களைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தும். பாரெட்டின் அறையில் வெடிக்கும் பீப்பாய்களும் ஓரங்களில் ஆயுதங்களும் இருக்கின்றன. வெறுங்கையோடு போனவருக்கும் வழி உண்டு. ஃபெடரோவாவின் அறையில் தரையில் மின்சாரம் பாயும். மின்னதிர்ச்சியைத் தடுக்கும் தோலை அதற்கு முன்பே வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

திருத்திய பதிப்பில் இருப்பவர் உடனே சுடத் தொடங்காமல், ஓடி மறைந்து அறையின் ஓரங்களில் கணினியும் குழாயும் தேடுங்கள்.

11. ஹெங்ஷாவுக்குத் திரும்பும்போது இரண்டு முடிவுகள்

இரண்டாம் முறை ஹெங்ஷாவுக்கு வரும்போது உங்கள் விமானம் சுட்டு வீழ்த்தப்படும். விமானி ஃபரீதா மாலிக், தன்னை விட்டுவிட்டு ஓடிவிடச் சொல்வாள். திரையில் வரும் குறிக்கோளும் அதையேதான் சொல்லும். பலர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அவளைக் காப்பாற்ற முடியும், ஆனால் விரைவாகச் செயல்பட வேண்டும். அந்தப் பணிக்கு முன் மயக்க வாயுக் குண்டுகளையும், ரோபோவை முடக்கும் இஎம்பி குண்டுகளையும் சேர்த்து வையுங்கள். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஒளிந்து கவனித்துக்கொண்டே இருந்தால் தோற்பீர்கள்.

அடுத்தது சிப். இயந்திர உறுப்பு பொருத்தியவர்களுக்கெல்லாம் கோளாறு வருவதாகவும், மருத்துவமனையில் புதிய சிப் மாற்றிக்கொள்ளும்படியும் அறிவிப்பு வரும். உங்கள் திரையும் அவ்வப்போது நடுங்கும். மாற்றிக்கொள்ளாதீர்கள். மாற்றினால் நமீருடனான மோதலில் உங்கள் திறன்கள் அணைக்கப்படும். நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

12. கடைசி அறைக்கு முன் தனிச் சேமிப்பு

நீங்கள் இதுவரை எப்படி ஆடினீர்கள் என்பது முடிவைத் தீர்மானிக்காது. கடைசிக் கட்டத்தில் ஜென்சனின் முதலாளி சாரிஃபையும், டாகர்ட்டையும் கண்டு பேசியிருந்தால், கடைசி அறையில் நான்கு முடிவுகளும் வரிசையாக நிற்கும். விரும்பிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவரையும் கொல்லாமல் வந்தவருக்கு இது ஏமாற்றம் தரும், எனக்கும் தந்தது. முடிவுரையில் ஜென்சன் பேசும் தொனி மட்டும் நீங்கள் ஆடிய விதத்தைப் பொறுத்துச் சற்று மாறும்.

அந்த அறைக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேமிப்பு வைத்து, நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் தேர்ந்தெடுப்பதன் பெயர்ப்பட்டியலைத் தாண்டிவிடாமல் முழுவதும் ஓட விடுங்கள். அது முடிந்த பிறகு ஒரு சிறு உரையாடல் வரும், கதையின் அடுத்த நூல் அதில் இருக்கிறது.